உடைந்த சாமிகளுக்கு ஒரு கூலர்

பட்டாபியைக் கூலர் வாங்கச் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, சேஷன் ஊர்க்கதை எல்லாம் எழுதினான், தன் பங்கை மட்டும் மறைத்துவிட்டான் என்று பேசக் கூடாது.

அவரும் நானும் டில்லி சர்க்கார் ஆபீஸ் ஒன்றில், ஒரே செக்ஷனில் அடுத்தடுத்த மேஜை. மோதி பாக் குவார்ட்டர்ஸில் அவர் கீழ் வீடு, நான் மேல் வீடு. இருபத்து நாலு மணி நேரமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டு ஒரு ஆயுளை ஓட்டியிருக்கிறோம். முழுப்பெயர் பட்டாபிராமன். தஞ்சாவூர் ஜில்லாவில் மேலநெய்க்குடி. ஆபீஸில் அவர் நோட் எழுதினால் மேலதிகாரி ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டார். அப்படிப்பட்ட மனுஷருக்குத்தான் எழுபத்தொன்றாம் வருஷம் ஒரு அரச மரத்தடியில் புத்தி பிசகியது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாமி படத்தின் கண்ணாடியில் விரிசல் விழுந்தால் அதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகக் குப்பையிலும் போட முடியாது. ஆற்றில் விடவேண்டும். யமுனைவரை யார் பஸ் ஏறிப் போவது? காலனிக் கோடியில் இருக்கும் அரச மரத்தடியில் சாத்திவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். ரிடையராகி மெட்ராஸுக்கு மூட்டை கட்டும் குடும்பங்கள் கிளம்புகிற அன்று காலையில் இந்த வேலையைச் செய்யும். பட்டாபி ஒரு நாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து வரும்போது அங்கே ஒரு ராமர் பட்டாபிஷேகம் கிடந்தது. அச்சடித்த படம் இல்லை. பழைய தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம். கண்ணாடியின் பின்பக்கத்திலேயே தலைகீழ் வரிசையில் எழுதுவார்கள். முதலில் கண்ணும் நகையும், அப்புறம் முகம், கடைசியில் பின்னால் தொங்கும் திரை. தங்க ரேக்குத் தகட்டையும் பின்பக்கத்தில்தான் ஒட்டுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் அப்போதுதான் எழுதினதுபோல் பளபளக்கும். இந்த ராமருக்கு ஒரு மூலையில் விரிசல், அவ்வளவுதான். பட்டாபி அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவி வைதேஹி மன்னி வாசலிலேயே மறித்தாள். "ஏன்னா, யாராத்துப் பீடையோ அது. வாசலைத் தாண்டப்டாது."

"என் பேருள்ள சாமி. மரத்தடியில நாய் மோந்து பார்த்துண்டிருக்கு. விட்டுட்டு வரச் சொல்றயா?"

படம் உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு நின்றதா? சர்க்கார் செலவில் எல்.டி.சி.யில் ஊருக்குப் போனால் டிரங்குப் பெட்டியில் துணிக்கு நடுவே நாலு படம் வரும். செங்கோட்டைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையில் இரண்டு கிடைக்கும். மந்திர் மார்க்கிலிருந்தும் கரோல் பாக்கிலிருந்தும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். "உடைஞ்ச சாமி பட்டாபி" என்று பெயரே வந்துவிட்டது. குப்பையில் போடவும் மனசில்லாமல், வைத்துக்கொள்ளவும் தைரியமில்லாமல் தவித்தவர்களுக்கு அவர் ஒரு சௌகரியம். ஒவ்வொரு படத்துக்கும் ரிஜிஸ்தரில் எண், கொடுத்தவர் பெயர், எந்த ஊரிலிருந்து டில்லிக்கு வந்தது, எல்லாம் முத்துமுத்தான கையெழுத்தில் இருக்கும்.

வீட்டில் நடந்த ஒவ்வொரு கெடுதலுக்கும் அந்தப் படங்கள் மேல் பழி விழுந்தது. பெண் ருக்மிணிக்கு டைபாய்ட் வந்தது, இவருக்குப் பிரமோஷன் தள்ளிப்போனது, பால் திரிந்தது வரைக்கும். அப்போதுதான் அவருக்கு மியூசியம் யோசனை வந்தது. வீட்டில் இருந்தால்தானே தோஷம்? வீடே இல்லாத ஒரு இடத்தில், ஊரிலேயே, ஒரு கூடம் கட்டி மாட்டிவிட்டால் எந்தச் சாஸ்திரமும் வாயைத் திறக்க முடியாது. "அந்தப் பக்கத்துப் படம் அந்தப் பக்கத்துல இருக்கணும் ஓய். டில்லிக்கு எதுக்கு வந்தது? நம்மளை மாதிரி வயத்துப் பொழைப்புக்கா?" என்று கேட்பார்.

எழுபத்தைந்தில் ஜெயலட்சுமி மாமி கூப்பிட்டு அனுப்பினாள். லோதி காலனியில் பிள்ளையோடு இருந்தாள். நானும் கூடப் போயிருந்தேன். அவள் கொடுத்தது விரிசலே இல்லாத படம். வெண்ணெய்க் குடத்தோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணன், பரங்கிக்காய்க் கன்னமும் நீல முழங்காலுமாக, கழுத்து கொள்ளாத நகையோடு. மாமியின் மாமியார் வழியாக வந்தது. அத்தனை படத்திலும் அதுதான் ராஜா என்று பார்த்தவுடனேயே எனக்கே தெரிந்தது.

"நல்ல படத்தை ஏன் மாமி குடுக்கறேள்?" என்றார் பட்டாபி.

"இவன் வேலையை விட்டுட்டு ஊருக்கு வரப்போறதில்லே. நான் இவனை விட்டுட்டுப் போகப்போறதில்லே. என் கட்டை இங்கேதான் வேகப்போறது. கிருஷ்ணனாவது ஊருக்குப் போகட்டும். கொண்டுபோய்ச் சேர்த்துடுவேளா?"

"சத்தியமா சேர்த்துடறேன்" என்றார். அந்த ஒரு சத்தியம்தான் பிறகு அந்த மனுஷரை வறுத்து எடுத்தது.

எழுபத்தேழு மே மாதம் லூ என்கிற அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. படங்கள் இருந்த அறை அடுப்பாக இருந்தது. தங்க ரேக்கின் பசை உருகிவிடுமோ என்று அவர் வாய் ஓயாமல் புலம்ப, நான் பெரிய மேதாவியாகச் சொன்னேன்: "ஓய், ஒரு கூலர் வாங்கி அந்த ரூம்ல வையும். சாமிகள் ஜில்லுனு இருக்கும்." பி.எஃப். பணத்தில் அட்வான்ஸ் போட்டு வாங்கினார். ஜன்னலை அடைத்துக்கொண்டு தகரப் பெட்டி உட்கார்ந்தது. மூன்று பக்கமும் வைக்கோல் தட்டி, மேலிருந்து தண்ணீர் சொட்ட, உள்ளே மின்விசிறி. ஈரக்காற்று குப்பென்று வரும். இரண்டே ரூம் உள்ள வீட்டில் நல்ல ரூம் சாமிகளுக்கு. வைதேஹியும் பெண்ணும் புல்தரையில் சார்பாய்க் கயிற்றுக் கட்டில் போட்டு, கொசுவோடும் வேர்க்குருவோடும் புரண்டார்கள். தினமும் சாயங்காலம் ருக்மிணி எட்டு பக்கெட் தண்ணீர் தூக்கிக் கூலரில் கொட்டுவாள். "அப்பா, உங்க பகவானுக்கு பஹுத் ப்யாஸ், ரொம்ப தாகம்" என்று கேலி செய்வாள். ப்ளஸ் டூ பரீட்சைக்கு அவள் என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துதான் படித்தாள். சமையலறையில் தலை சுற்றி விழுந்த மன்னியை ஒரு மத்தியானம் நானும் என் மனைவியும் தூக்கினோம். அப்போதுகூட அந்த அறைக் கதவு சாத்தியே இருந்தது.

ஏழு கோடைக்காலம், மழை மாதங்களும் சேர்த்து, அந்தக் கூலர் ஓடியது. கரையான் அரித்த பின்பலகைகளை எல்லாம் பட்டாபி கழற்றி எறிந்திருந்தார். வெறும் கண்ணாடிகளை, சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் தட்டு சொருகுவதுபோல, மர அடுக்கில் நெருக்கமாகச் சொருகி, மேலே மன்னியின் பழைய நூல்புடவையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார். யாரும் தொடக் கூடாது என்று கண்டிப்பு. ஒரு தடவை மன்னி புடவையைத் துவைக்க எடுத்ததற்கு மாடிவரை கேட்கிறமாதிரி கத்தினார். பார்க்க வருகிறவர்களுக்குக் கதவோரத்துச் சின்ன அடுக்கை மட்டும் காட்டுவார். கூலருக்கு நேர் எதிரே இருந்த பெரிய அடுக்கை அவரே தொடுவதில்லை. தொடத் தொடத் தேயுமாம்.

எண்பத்திரண்டு முதல் அவர் கண் படத்தில் இல்லை, ஃபைலில் இருந்தது. ஊரில் பாழடைந்து கிடந்த சத்திரத்தின் பெரிய கூடத்தை மியூசியத்துக்குத் தர மெட்ராஸ் சர்க்காரில் சம்மதம்தான், ஆனால் நூறு படமாவது நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒரு அதிகாரி நேரில் பார்த்து எழுதவேண்டும் என்றார்கள். இரண்டு வருஷம் கடிதம் மேல் கடிதம். ரிஜிஸ்தரில் நூற்று அறுபத்தெட்டு இருந்தது. அதை எத்தனை காப்பி டைப் அடித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். பாதி நான் அடித்தது. எண்பத்திநாலு ஜனவரியோடு ரிடையர்மெண்ட். அப்புறம் சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அதற்குள் கூடம் கிடைக்காவிட்டால் சாமிகள் திரும்பவும் மரத்தடிக்குத்தான். கடைசியில் சிவஞானம் என்ற அதிகாரி, வேறு வேலையாக டில்லி வருகிறவர், நவம்பரில் ஒரு திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து பார்ப்பதாக எழுதினார்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலை. தூசி தட்ட நானும் போயிருந்தேன். சின்ன அடுக்கு முடிந்தது. பட்டாபி பெரிய அடுக்கின் புடவைத் திரையை விலக்கி, முதலில் ஜெயலட்சுமி மாமியின் கிருஷ்ணனை உருவினார்.

கண்ணாடி வந்தது. கிருஷ்ணன் வரவில்லை. ஒரு நீல முழங்காலும், குடத்தின் விளிம்பும், கழுத்து இருந்த இடத்தில் இரண்டு தங்கப் புள்ளியும் இருந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் கண்ணாடி. அதன் வழியாகப் பட்டாபியின் சட்டைப் பித்தான் தெரிந்தது. பின்பக்கத்தில் மிச்சமிருந்த வர்ணம் வேர்க்கடலைத் தோல்போலச் சுருண்டு நின்றது. அவர் மூச்சு பட்டு அதிலும் ஒரு சுருள் விழுந்தது.

அடுத்ததை உருவினார். அதற்கு அடுத்ததை. நான் "போதும் ஓய், போதும்" என்கிறேன், அவர் நிறுத்தவில்லை. ஏழு வருஷ ஈரம் கோந்தை ஊறவைத்து, ஒவ்வொரு குளிர்காலமும் அதைக் காயவைத்து உரித்திருக்கிறது. பூசணம் பூத்த லக்ஷ்மி. தலையில்லாத ராமர். கடைசியில் முழுசாகத் தேறியது முப்பத்தேழு. பட்டாபி தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெயில்ல விட்டிருந்தாக்கூட இருந்திருக்குமே" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

வைதேஹி மன்னி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். முக்கால் பாட்டில் பொடியும் செதிலும். சிவப்பு, பச்சை, நீலம், நடுநடுவே மினுக்மினுக்கென்று தங்கம்.

"என்னது இது?"

"தினம் பெருக்கறச்சே அடுக்குக்குக் கீழே விழுந்திருக்கும். குப்பையில போட மனசு வரலே. யமுனையில விடலாம்னு எடுத்து வச்சேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லப்டாதா?" என்று பட்டாபி அலறினார்.

மன்னி சத்தமே போடவில்லை. "சொன்னேனே. போன வருஷம் ஹோலி முடிஞ்ச மறுநாள், கலர் கலரா விழறதுன்னா, வந்து பாருங்கோன்னேன். ஃபைல்லேருந்து தலையைத் தூக்காமலே, ருக்மிணி டிரெஸ்லேருந்து உதிர்ந்த ஹோலிப் பொடி, பெருக்கித் தள்ளுன்னேள். ஹோலிப் பொடியில தங்கம் இருக்குமா? நான் அடுக்கைத் தொடப்டாது, திரையைத் தொடப்டாது. கீழே விழுந்தது ஒண்ணுதான் எனக்கு. அதை எடுத்து வச்சுண்டேன்."

பட்டாபி பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த மத்தியானம் நான் இரண்டாவது தடவையாக மேதாவித்தனம் செய்தேன். பஹாட்கஞ்சில் சாமி படமும் போர்டும் எழுதும் ஒரு பெயிண்டரை எனக்குத் தெரியும். அதிகாரியின் வருகையை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லித் தந்தி அடிப்போம், அதற்குள் முடிந்தவரை எழுதி வாங்கிவிடுவோம், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். பட்டாபி அன்றிருந்த நிலையில் நான் கிணற்றில் குதிக்கச் சொன்னாலும் வந்திருப்பார். கிருஷ்ணன் கண்ணாடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்.

பெயிண்டர் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ஹோ ஜாயேகா சாப், மூணே நாள்" என்றான். பிறகு சுவரில் தொங்கிய காலண்டர்களைக் காட்டினான். ஏழெட்டு கிருஷ்ணன்கள், எல்லாம் சினிமாக்காரன்போல் சிரித்துக்கொண்டு. "கௌன் ஸா சேஹ்ரா சாஹியே? எந்த முகம் வைக்கணும், சொல்லுங்க."

பட்டாபி காலண்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியை வாங்கித் திரும்பவும் துண்டில் சுற்றினார். "மாமிக்கு அவ கிருஷ்ணன் முகம் தெரியும் ஓய்" என்று சொல்லிவிட்டுக் கடையைவிட்டு இறங்கி நடந்தார்.

சிவஞானம் மறுநாள் வந்தார். நல்ல மனிதர். கதவோரத்து அடுக்கைக் காட்டிக் காபி கொடுத்து அனுப்பியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பட்டாபி நூற்று அறுபத்தெட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். பாட்டிலையும் காட்டினார். அதிகாரி காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "நூறு இல்லையே சார். நான் என்னத்தை எழுதட்டும்?" என்றார். அவர் கண்ணிலும் நீர் இருந்ததைப் பார்த்தேன். கூடம் கைநழுவிப் போயிற்று.

ரிடையரான அன்று செக்ஷனில் மாலை போட்டோம். மாலையோடு பஸ்ஸில் வந்தார். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை, பேச்சில்லை. கூலரை ஜன்னலிலிருந்து பிடுங்கி வெளியே போட்டிருந்தார். பிப்ரவரிக் குளிரில் அந்த ஓட்டை வழியாகக் காற்று அடிக்க, படங்களுக்கு எதிரே கம்பளி இல்லாமல் உட்கார்ந்திருப்பார். ருக்மிணி, "சேஷன் மாமா, அப்பாவுக்கு குச் ஹோ ஜாயேகா, ஏதாவது ஆயிடும், எனக்கு டர் லக்றது, பயமா இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு காலை அவர் கோணிச் சாக்குகளோடு வந்து நின்றார். உரிந்ததையும் தேறியதையும் சேர்த்து எல்லாவற்றையும் யமுனையில் விட்டுவிடப் போகிறாராம். ஒரு ஆட்டோ பிடித்துத் தரச் சொன்னார். நானும் பிடிக்கக் கிளம்பியவன்தான், வெட்கம்.

மன்னி வாசலில் வந்து மறித்தாள். பதிமூன்று வருஷத்துக்கு முன் படத்தை உள்ளே விடமாட்டேன் என்று நின்ற அதே இடம். "அவா அவா பொருள். குடுத்தவாளைக் கேட்காம நீங்க எப்படி விடலாம்? போய்ச் சொல்லுங்கோ. முதல்ல அந்த லோதி காலனி மாமிகிட்ட போய்ச் சொல்லுங்கோ." பாட்டிலை அவர் கையில் திணித்தாள்.

ஜெயலட்சுமி மாமி ரொம்ப இளைத்திருந்தாள். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கிருஷ்ணன் கிளம்பிட்டானா?" என்றாள்.

பட்டாபி நின்றபடியே சொன்னார். கூலரில் தொடங்கி ஹோலிப் பொடிவரை ஒன்றையும் விடவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. கண்ணாடியைக் காட்டினார். பாட்டிலை அவள் மடியில் வைத்தார். மாமி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"இதுல என் கிருஷ்ணன் எது?"

"தெரியலே மாமி. எல்லாம் கலந்துடுத்து."

அவள் ரொம்ப நேரம் பாட்டிலை மெல்லக் குலுக்கிக்கொண்டிருந்தாள். திட்டுவாள், சபிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். அவள் மூடியைத் திருகி மூடினாள். "நானும் இப்படித்தான் போகணும். ஒரு சொம்புல போட்டு, வாயைத் துணியால கட்டி" என்றாள். பிறகு பாட்டிலை அவரிடமே நீட்டினாள். "யமுனை வேண்டாம். பொடியாவாவது ஊருக்குக் கொண்டுபோய்ச் சேருங்கோ. சத்தியம் பண்ணியிருக்கேள்."

பட்டாபி அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். நவம்பரிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. மாமி எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஏப்ரலில் அவர்கள் டில்லியைவிட்டுப் போனார்கள். முப்பத்தேழு நல்ல படம், நூற்று முப்பத்தொன்று கெட்டது, அத்தனையும் வைக்கோல் போட்ட பெட்டிகளில். பாட்டிலை மட்டும் மன்னி மடியில் வைத்துக்கொண்டாள். சத்திரத்தில் கூடம் கிடைக்கவில்லை. வருஷம் முழுக்கக் கெஞ்சி, அதன் பின்புறம் நெல் மூட்டை அடுக்கும் அறையை வாங்கினார். சுண்ணாம்பு அடித்து, தானே போர்டு எழுதி மாட்டினார்: மேலநெய்க்குடி வட்டாரக் கண்ணாடிப்பட அருங்காட்சியகம்.

எண்பத்தைந்து கோடையில் நான் எல்.டி.சி. எடுத்துப் போய்ப் பார்த்தேன். உள்ளே சரியான புழுக்கம், மின்விசிறிகூட இல்லை. நல்லதும் கெட்டதும் எல்லாம் சுவரில் இருந்தன, கெட்டதை மறைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே சீட்டு: எண், கொடுத்தவர், சேகரித்தவர் நா. பட்டாபிராமன். வெறும் கண்ணாடியாகிவிட்ட கிருஷ்ணனுக்குக் கீழே மேஜைமேல் பாட்டில். அதன் சீட்டை நான் குனிந்து படித்தேன். "கூலரின் ஈரக்காற்றில் உதிர்ந்தவை. பிழை: நா. பட்டாபிராமன். சேகரித்தவர்: வைதேஹி."

"ஓய், பிழைன்னு என் பேரையும் போடும். கூலர் யோசனை என்னோடது" என்றேன்.

அவர் வாசல் பக்கம் பார்த்தார். மன்னி அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உம்ம பேரு எதுக்கு ஓய்? நீர் சொன்னதைக் கேட்டேன், அவ சொன்னதைக் கேட்கலே. ரெண்டும் நான் பண்ணினதுதானே" என்றார் பட்டாபி. பிறகு துண்டை எடுத்துப் பாட்டிலின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்தார்.